இதை நான் படித்ததில்லை

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். சாப்பிடாதவரும் அதைத்தான் சொல்வார். கேட்டவரும் பதிலுக்காக நிற்பதில்லை. அந்த அக்கா மட்டும் நிற்பார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். "இன்னும் இல்ல தம்பி. ஒன்றரைக்குத்தான். தயிர்சாதமும் அவரைக்காயும் இருக்கு" என்பார். "நல்லா இருக்கீகளா?" என்றால், "இன்னைக்கு இல்ல, கீழ்ப்பல்லு வலிக்கி" என்பார். முதல் மாதம் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்தோம். அடுத்த மாதம் கொஞ்சம் கழன்றவர் என்று நினைத்தோம். பிறகு பழகிவிட்டது.

பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, "எங்கிட்ட கேட்டியா தம்பி?" என்பார்.

அவர் ராஜபாளையத்துக்காரர். அப்பா பட்டாளத்தில் இருந்தவர். நான் பழகிய காலத்தில் அக்காவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். மில் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களிலும் மென்பொருள் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் டெக்னீஷியனாக இருந்த ரத்தப் பரிசோதனை லேபுக்கும் அவர்தான் வருவார். எங்களுக்கு அவர் கம்ப்யூட்டர்க்கா. முதலாளிக்கு மட்டும் "அந்தம்மா". நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். மழை பெய்த நாள், கரண்டு போன நேரம், பஸ் வராத நாள் எல்லாம் அதில் இருக்கும். அவர் எங்கள் லேபுக்கு வந்து போன நாட்களும் இருக்கின்றன. இப்போது எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று.

புது மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அது சின்னச் சின்ன ஜன்னல்களாகத் திறந்து கேள்வி கேட்கும். எங்கே வைக்கட்டும், இந்த நிபந்தனைக்குச் சம்மதமா, அடுத்ததுக்குப் போகட்டுமா என்று பத்துப் பன்னிரண்டு ஜன்னல். நாம் எல்லாரும் படிக்காமல் அமுக்கிக்கொண்டே போவோம். அதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் மொழி இருக்கிறது. அதில் எழுதி வைத்தால் கம்ப்யூட்டரே ஜன்னலைப் பார்த்து, பொத்தானைத் தேடி, தானே அமுக்கிக்கொள்ளும். நாற்பது கம்ப்யூட்டர் இருக்கிற இடத்தில் அது பெரிய உபகாரம். அக்கா அதில் கெட்டிக்காரர். ஓட விட்டபின் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரையில் ஜன்னல்கள் திறந்து மூடும்.

ஆனால் அந்த இடத்துக்கு வர அவருக்கு இரண்டு நாள் ஆகும். முதல் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் கையால்தான் செய்வார். ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு நீள நோட்டில் பென்சிலால் எழுத்துக்கு எழுத்து நகல் எடுப்பார். தலைப்பு, வாசகம், எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது, எந்தப் பொத்தான் என்று. நிபந்தனைப் பக்கங்களையும் விடமாட்டார். புரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்பார். பிறகுதான் ஸ்கிரிப்ட். அதிலும் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். ஜன்னலில் வரும் வாசகத்தை அவர் படித்த வாசகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் அமுக்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நின்றுவிடும். ஒரு சத்தம் கொடுத்து, தமிழில் ஒரு பெட்டி காட்டும்: "இதை நான் படித்ததில்லை. என்னைக் கூப்பிடுங்கள்." கீழே அவருடைய போன் நம்பர்.

ராஜபாளையம் மில் ஒன்றில் ஒரு புதன்கிழமை காலை நாற்பது கம்ப்யூட்டரும் அந்தப் பெட்டியைக் காட்டிக்கொண்டு கத்தினவாம். மானேஜர் போனிலேயே குதித்திருக்கிறார். அக்கா போய், நோட்டை விரித்து, கால் மணி நேரம் ஒப்பிட்டுவிட்டு, "தலைப்புல வருஷம் மட்டும் மாறியிருக்கு" என்று சொல்லி ஓட விட்டார்.

"இதுக்காம்மா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? வருஷம்தான மாறியிருக்கு!"

"வருஷம் மட்டும்தான் மாறியிருக்குன்னு இப்பத்தான சார் தெரியும்."

இதை மானேஜரே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அக்காவுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்த கதையை அந்தத் தங்கையே லேபுக்குச் சர்க்கரை பார்க்க வந்தபோது சொன்னார். கையெழுத்துப் போட அக்காவை உட்கார வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் அச்சடித்த விதிமுறைத் தாள். அக்கா படித்துக்கொண்டே இருந்தாராம். மாப்பிள்ளையின் தாய்மாமா பொறுமை இழந்து, "ஏட்டி, மண்டபம் பிடிக்க வந்தமா, வக்கீல் ஆபீசுக்கு வந்தமா?" என்றிருக்கிறார். அக்கா நிமிராமல், "மாடிய அன்னைக்கே இன்னொரு விசேஷத்துக்கு விடலாம்னு போட்ருக்கு மாமா. மேல காதுகுத்து நடந்தாச் சம்மதமா?" என்று கேட்டாராம். தாய்மாமா அமைதியாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இன்னும் என்ன போட்ருக்கு?" என்றாராம்.

நானும் சீண்டியிருக்கிறேன். ஒருநாள், "உலகமே படிக்காமத்தான்க்கா அமுக்குது. யாருக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"தெரியலயே தம்பி. யாரும் திரும்பிப் பாக்கலைல்ல" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைய நாட்குறிப்பில் நான் அதை எழுதவில்லை. கரண்டு நான்கு தடவை போனதாக மட்டும் எழுதியிருக்கிறேன்.

எங்கள் லேபில் அந்த வருடம் மென்பொருளை மாற்றினார்கள். பழைய பதிவுகளைக் கொண்டுவர முடியவில்லை என்பதால் நோயாளி எண் ஒன்றிலிருந்து புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அக்கா கையால் ஒரு முறை ஏற்றி, படித்து, ஸ்கிரிப்டும் எழுதிவிட்டார். இரண்டு நாள் கழித்து ராஜபாளையத்தில் புதுக் கிளை திறப்பு; அன்றிலிருந்து இரண்டு லேபும் புது மென்பொருளில், ஒரே எண் வரிசையில். அதற்குள் அந்தக் கம்பெனி மென்பொருளில் எதையோ திருத்தி, இதையே போடுங்கள் என்று அனுப்பிவிட்டது. திறப்புவிழா நாளன்று காலை எட்டு மணிக்கு இரண்டு லேபிலுமாக ஏழு கம்ப்யூட்டரும் ஒன்பதாவது ஜன்னலில் நின்று கத்தின. "இதை நான் படித்ததில்லை."

அக்கா மதுரையில் இருந்தார், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போன் போட்டேன். பின்னால் முதலாளி நல்ல நேரம் முடியப்போகிறது என்று நடந்துகொண்டிருந்தார்.

"என்ன போட்ருக்கு? வாசி தம்பி."

நான் திரையைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நாலைந்து வரி. "அதே ஜன்னல்தான்க்கா. வார்த்தைய கொஞ்சம் மாத்தியிருக்கான். அந்த நிப்பாட்டுறத இன்னைக்கு மட்டும் எடுத்து விடுங்க."

அந்தப் பக்கம் நர்ஸ் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "நீ முழுசா படிச்சியா?"

"படிச்சேன்க்கா."

நான் படிக்கவில்லை.

அவர் ஸ்கிரிப்டைத் திறக்கச் சொன்னார். எத்தனையாவது வரி என்று சொன்னார். அந்த வரிக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி வைத்தால் கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடுமாம். வைத்தேன். கால் மணி நேரத்தில் ஏழும் முடிந்தன. முதலாளி எனக்குப் பால்கோவா கொடுத்தார்.

பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு அக்கா லேபுக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அம்மாவுக்குக் கண்ணில் சீழ் வைத்து மதுரையிலேயே தங்கும்படி ஆகிவிட்டதாம். முந்தின நாள்தான் ஊர் திரும்பினாராம். "அந்த ஒன்பதாவது ஜன்னல நான் இன்னும் படிக்கல. செத்த நேரம் அந்த மிஷின குடு" என்றார். முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நோட்டை விரித்து, ஒவ்வொரு ஜன்னலாகக் கையால் திறந்து எழுத ஆரம்பித்தார். நான் உள்ளே சாம்பிள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இங்க வா. இத வாசி."

குரல் உயரவில்லை. ஆனால் நான் கையுறையைக் கழற்றாமலே ஓடினேன். வாசித்தேன். பணியாளர் பயிற்சிக்காக அறுபது மாதிரி நோயாளிகளின் பழைய முடிவுகளும் சேர்க்கப்படும், வேண்டாமென்றால் டிக்கை எடுத்துவிடவும் என்று இருந்தது. கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது.

"அன்னைக்கு இதத்தான் படிச்சியா?"

நான் கையுறையைக் கழற்றினேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அந்த மாதிரி நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது. ஒன்று முதல் அறுபது வரை எண், ஒவ்வோர் எண்ணுக்கும் சில பழைய அளவுகள். எங்கள் ரிப்போர்ட்டில் "முந்தைய அளவு" என்று ஒரு பத்தி உண்டு. அதே எண்ணில் முன்பு எடுத்த அளவை மென்பொருளே தேடி அதில் அச்சடித்துவிடும். திறப்புவிழாவுக்குப் பிறகு வந்த முதல் அறுபது பேருக்கும், யாரென்றே இல்லாத அறுபது பேரின் அளவுகளை நாங்கள் அவரவர் பழைய அளவாக அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தோம். கையெழுத்து என்னுடையது.

இருவரும் உட்கார்ந்து அறுபதையும் பார்த்தோம். பெரும்பாலும் சர்க்கரை, ரத்த அணு. முன் அளவு எதுவானாலும் வைத்தியம் மாறாது. அக்கா ஒவ்வொன்றுக்கும், "இத வச்சு டாக்டர் என்ன முடிவு எடுத்திருப்பாரு?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லப் பென்சிலால் குறித்தார். நாற்பத்தொன்றில் நான் நிறுத்திவிட்டேன்.

கூமாப்பட்டி விவசாயி. வயது அறுபத்திரண்டு. பரிசோதனை, கிரியேட்டினின். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடுகிற கழிவு அது; ஒன்றைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். இப்போதைய அளவு 2.1. முந்தைய அளவு 3.4.

அவரை எனக்கு நினைவிருந்தது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தவர். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. "இதுக்கு முன்ன ரத்தம் குடுத்திருக்கீகளா?" என்று வழக்கம்போலக் கேட்டேன். "இல்லய்யா, இதான் மொதத் தடவ" என்றார். அரை மணி நேரம் கழித்து அவர் கையில் முந்தைய அளவு போட்ட தாளைக் கொடுத்தவனும் நான்தான்.

அனுப்பிய டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். நர்ஸ் அட்டையைத் தேடி வாசித்தார்: "குறைந்து வருகிறது. இப்போதைய மருந்தையே தொடரவும். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்." முதல் முறையிலேயே 2.1 என்றால் அன்றைக்கே மதுரைக்கு அனுப்பியிருக்க வேண்டிய ஆள்.

முதலாளி கதவைச் சாத்தச் சொன்னார்.

"எத்தன பேருக்கு இது தெரியும்?"

"நம்ம மூணு பேருக்கு சார்."

"அப்ப மூணு பேரோட நிக்கட்டும். ஏலே, அந்தாளுக்குப் போனப் போடு. லேபுல இலவச முகாம்னு சொல்லி வரச் சொல்லு. புதுசா எடுத்து சரியான ரிப்போர்ட்ட குடுத்துருவோம். அவரும் தப்பிச்சாரு, நாமளும் தப்பிச்சோம்."

உள்ளதைச் சொன்னால், எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

"முகாம் நடக்குதா சார்?" என்று அக்கா கேட்டார்.

"என்னம்மா?"

"இலவச முகாம். நடக்குதா?"

"நடத்திட்டாப் போச்சு!"

"அந்த 3.4 அவரோடது இல்லன்னு அவருக்கு யாரு சொல்லுவா? நாளைக்கு வேற டாக்டர்ட்ட போனா எல்லாத் தாளையும்தான கொண்டுட்டுப் போவாரு. அவிய அதையும் வச்சுத்தான பாப்பாக."

முதலாளியின் முகம் சிவந்தது. "சரிம்மா. கம்ப்யூட்டர் கோளாறுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அதக் காட்டிச் சொல்லிருவோம்."

"கம்ப்யூட்டர் கோளாறு இல்ல சார். சொன்னத அது செஞ்சிருக்கு. நிப்பாட்ட வேண்டாம்னு சொன்னது நான்."

"அப்ப இனி இந்தப் படி ஏறாதம்மா."

"சரிங்க சார்" என்று பையை எடுத்துக்கொண்டவர் என்னிடம் திரும்பி, "கூமாப்பட்டிக்கு எப்ப பஸ்?" என்றார்.

பதிவேட்டில் இருந்த போன் நம்பர் அவர் மகனுடையது. மகன் பட்டாளத்தில், எல்லையில். தொடர்பு கிடைக்கவில்லை. ஊசி, டியூப், ஐஸ் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன். முதலாளி கண்டும் காணாததுபோல இருந்தார். பன்னிரண்டே காலுக்கு வத்திராயிருப்பு பஸ்.

கான்சாபுரம் தாண்டியதும் கேட்டேன், "அக்கா, அன்னைக்கு நான் வாசிக்கல. அது உங்களுக்குத் தெரியுமா?"

"இப்ப தெரியுது. நீ பதில் சொன்ன வேகத்துல அந்த நாலு வரிய வாசிக்க முடியாது. அத அப்பவே நான் யோசிச்சிருக்கணும். அந்த நேரம் பாத்து அம்மாவ உள்ள கூப்பிட்டாக." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். "எங்க அம்மா கண்ணுக்காக வேற ஒருத்தர் சிறுநீரகத்த விட்டுட்டேன் தம்பி."

வத்திராயிருப்பில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டு வீடு. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் வீக்கம் இப்போது முழங்கால் வரை ஏறியிருந்தது. முகமும் உப்பியிருந்தது. லேபிலிருந்து என்றதும் அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். அக்கா வாங்காமல் நின்றார்.

"அய்யா, நான் சொல்றதக் கேட்ட பொறவு குடுத்தா குடிக்கேன்" என்றவர், நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. அந்தத் தாளில் உள்ள பழைய எண் உங்களுடையது இல்லை. அப்படி ஓர் ஆளே கிடையாது. உங்களுக்குக் குறைந்து வரவில்லை. குறைந்து வருகிறது என்று டாக்டர் நினைத்ததற்குக் காரணம் நாங்கள் கொடுத்த தாள். கம்ப்யூட்டர் ஒரு ஜன்னலில் கேட்டதைப் படிக்காமல் ஓட விட்டது நான்.

"இப்ப என்ன மருந்து சாப்பிடுதீக அய்யா?" என்று நான் கேட்டேன்.

மனைவி உள்ளே போய்க் கைநிறைய அட்டைகளோடு வந்தார். மூட்டுவலி மாத்திரை. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கியது. காலையும் மாலையும். "அதையே தொடருங்கன்னு டாக்டர் சொன்னாருல்ல. ஒரு நேரங்கூட விடல" என்றார் அந்த அம்மா, பெருமையாக. சிறுநீரகம் கெட்டவர் தொடவே கூடாத மாத்திரை அது. காலி அட்டைகளை எண்ணத் தொடங்கினேன். ஏழுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். மோர்ச் செம்பு அந்த அம்மாவின் கையிலிருந்து நழுவியது.

"ஏட்டி, நீ மனுசிதானா? நீயே எழுதி, நீயே தப்புன்னுட்டு வந்து நிக்க? அந்த ஜன்னல்ல என்ன இருக்குன்னு பாக்க மாட்டியா?"

"பாக்கலம்மா."

"பாக்காம எப்படி விட்ட?"

"படிச்சாச்சுன்னு ஒருத்தர் சொன்னாக. நம்பிட்டேன்."

"யாரு? எந்தப் பய சொன்னான்?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர். அதற்காக என் பெயரையும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கீழே கொட்டிய மோரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நான்தான்மா. படிக்கல. படிச்சேன்னு சொன்னேன்."

அந்த அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாள் வரிசை மாறாமல் எழுதுகிறவன் நான். இந்த ஓர் இடத்தில் மட்டும் மாற்றி, பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் அளவு 4.6 வந்தது. மறுநாள் அவரை மதுரையில் சேர்த்தார்கள். மாத்திரையை நிறுத்தி, பதினாறு நாள் வைத்திருந்து, டயாலிசிஸ் வரை போகாமல் காப்பாற்றினார்கள். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். இன்றும் தோப்புக்குப் போய் வருகிறார். பழைய பலம் இல்லை. அக்காவை எங்கள் லேப் மறுபடி கூப்பிடவில்லை. விஷயம் பரவி மில்காரர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவரே போய் அவர்களிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அடுத்த வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்து ஆறு வருடமாகிறது.

அந்த வாசலுக்கே திரும்புகிறேன். நான் பையைத் திறந்து ஊசியை எடுத்தேன். கையை நீட்டச் சொல்லி எப்படிக் கேட்பது? இவர் எதற்காக இனி என்னை நம்ப வேண்டும்?

அந்த மனிதர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைக் கையை மெதுவாக முழங்கைக்கு மேல் சுருட்டி, கையைக் கட்டில் சட்டத்தின்மேல் நீட்டினார்.

"எடுத்துக்கோ. இந்தத் தடவ என்னோடத மட்டும் எழுது" என்றார்.